டிசி கொடுத்து மாற்றும் இண்டக்டர்: ஈ கோரில் சுற்றிப் பார்த்த பதிவு

பயாஸ் கரண்ட்டை (இண்டக்டரை மாற்றுவதற்கென்றே தனி வைண்டிங்கில் கொடுக்கும் டிசி) பூஜ்யத்திலிருந்து 300 மில்லியாம்பியர் வரை ஏற்றினால், 89 மைக்ரோஹென்றியில் இருந்து 36 மைக்ரோஹென்றிக்கு இறங்கும் இண்டக்டர் ஒன்று ஒருவழியாக மேசையில் ஒழுங்காக ஓடுகிறது. அதைக் கொண்டு 12 வோல்ட் எல்இடி வரிசையின் கரண்ட்டை 330 மில்லியாம்பியரில் இருந்து 950 வரை கூட்டிக் குறைக்க முடிகிறது. ஸ்விட்ச்சிங் ஃப்ரீக்வென்சி 100 கிலோஹெர்ட்ஸை விட்டு நகரவே இல்லை. சூடு ஆறுவதற்குள் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஃப்ரீக்வென்சியை மாற்றினாலே வெளிச்சம் மாறுமே, எதற்கு இந்த வேலை என்று கேட்கலாம். ஒரே ஹாஃப் பிரிட்ஜில் (டிசியை ஏசியாக்கும் இரண்டு மாஸ்ஃபெட் ஸ்விட்ச்கள்) இருந்து இரண்டு எல்இடி வரிசைகளை ஓட்ட வேண்டும், இரண்டுக்கும் வெளிச்சம் தனித்தனியாக மாற வேண்டும். ஃப்ரீக்வென்சியைத் தொட்டால் இரண்டும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். ஒவ்வொரு வரிசைக்கும் தொடரில் ஒரு மாறும் இண்டக்டர் இருந்தால் மாஸ்ஃபெட் ஜோடி ஒன்றே போதும். ஃப்ரீக்வென்சி நிலையாக இருப்பதால் இரைச்சலை வடிகட்டுவதும் சுலபம்.

சுற்று எளிமையானதுதான். 48 வோல்ட் டிசி, ஐஆர் 2153 டிரைவர், இரண்டு ஐஆர்எஃப் 520. டிரைவரின் டைமிங் கெப்பாசிட்டர் 1 நானோஃபாரட், ரெசிஸ்டர் 6.8 கிலோ ஓமுடன் ஒரு சிறிய டிரிம்மர். ஹாஃப் பிரிட்ஜின் நடுப்புள்ளியில் இருந்து மாறும் இண்டக்டர், அடுத்து 220 நானோஃபாரட் பாலிபுரொப்பிலீன் கெப்பாசிட்டர், அதற்குப் பின் ஷாட்கி டயோடு பிரிட்ஜ், அதன் முடிவில் நான்கு வெள்ளை எல்இடி. 100 கிலோஹெர்ட்ஸில் அந்தக் கெப்பாசிட்டர் 7 ஓமுக்குச் சற்று மேல் காட்டும். மிச்சத் தடுப்பு முழுக்க இண்டக்டரின் கையில். கணக்குப் போட்டால் 90 மைக்ரோஹென்றியில் மூன்றில் ஒரு ஆம்பியர் வருகிறது, 38 மைக்ரோஹென்றியில் கிட்டத்தட்ட 1 ஆம்பியர். ஆக இரண்டரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவான மாற்றம் வேண்டும். பயாஸ் அறுந்துபோனாலும் விளக்கு மங்கலாகத்தான் எரியும், எதுவும் எரிந்து போகாது என்பது இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது. மாஸ்ஃபெட்டுகளுக்கும் கரண்ட் எப்போதும் பின்தங்கியே வருவதால் அவை சூடாவதில்லை.

கோர், அதாவது கம்பி சுற்றும் காந்தப் பொருள், ஈ 25/13/7, என் 87 ஃபெரைட்; ஆங்கில E வடிவப் பாதிகள் இரண்டு எதிரெதிராக மூடி மூன்று கால்களாக நிற்கும். நடுக்காலின் பரப்பு 52 சதுர மிமீ, வெளிக்கால்கள் ஒவ்வொன்றும் அதில் பாதி. மெயின் வைண்டிங் நடுக்காலில். பயாஸ் வைண்டிங் இரண்டு, வெளிக்காலுக்கு ஒன்று. மெயின் வைண்டிங்கின் ஏசி ஃப்ளக்ஸ் நடுவில் ஏறி இரண்டாகப் பிரிந்து இரு வெளிக்கால் வழியாகவும் திரும்புகிறது. பயாஸின் டிசி ஃப்ளக்ஸ் மட்டும் வெளிச்சுற்றிலேயே, ஒரு வெளிக்காலில் ஏறி மறு வெளிக்காலில் இறங்கிச் சுற்றி வர வேண்டும். அது வெளிக்கால்களைச் செறிவுக்கு (மேலும் ஃப்ளக்ஸ் ஏற மறுக்கும் நிலைக்கு) தள்ளும்போது ஏசி ஃப்ளக்ஸின் திரும்பும் பாதை கடினமாகி, இண்டக்டன்ஸ் குறைகிறது. யோசனை பழையது. எர்ன்ஸ்ட் அலெக்ஸாண்டர்சன் 1916இல் ரேடியோ தொலைபேசிக்கான காந்தப் பெருக்கியைப் பற்றி எழுதியதும் இந்த வகைதான். பழைய கணினி பவர் சப்ளைகள் பலவற்றில் 3.3 வோல்ட் வெளியீட்டைக் கட்டுப்படுத்தியதும் செறிவுக்குப் போகும் ஒரு காயில்தான்.

முதலில் செய்த கோரில் கேப்பை (ஃப்ளக்ஸின் பாதையில் விடும் சிறு காற்று இடைவெளி) சுலப வழியில் வைத்தேன். இரண்டு பாதிகளுக்கும் நடுவில், மூன்று கால்களின் மீதும், 0.065 மிமீ காப்டான் டேப் ஓர் அடுக்கு. 15 சுற்றுக்கு 89 மைக்ரோஹென்றி வந்தது, எதிர்பார்த்த எண்ணேதான். பயாஸ் வைண்டிங் காலுக்கு 50 சுற்று. 300 மில்லியாம்பியர் கொடுத்தேன், எல்சிஆர் மீட்டர் (இண்டக்டன்ஸ் அளக்கும் கருவி) 86 காட்டியது. 600 கொடுத்த பிறகுதான் 60க்கு அருகில் வந்தது, அதற்குள் பயாஸ் கம்பி தொட்டால் தெரியும் அளவுக்குச் சூடாகிவிட்டது.

காரணம் அந்த டேப்தான். டிசி ஃப்ளக்ஸ் தன் சுற்றில் இரண்டு தடவை டேப்பைக் கடக்கிறது, மொத்தம் 0.13 மிமீ காற்று. 0.4 டெஸ்லாவை அந்த இடைவெளி வழியாகத் தள்ள, அதற்கு மட்டுமே 41 ஆம்பியர்-சுற்று (கரண்ட்டையும் சுற்று எண்ணிக்கையையும் பெருக்கிய அளவு) வேண்டும். கையில் இருந்ததோ மொத்தமே 30. காற்று இல்லாமல் வெறும் ஃபெரைட்டாக இருந்தால் 20க்குச் சற்று மேலே போதும். ஏசி பாதையில் கேப் வேண்டும், டிசி பாதையில் கேப் கூடவே கூடாது. இந்த வகை இண்டக்டரில் மற்ற எதையும் விட இதுதான் முக்கியம் என்பது என் எண்ணம். சுற்றின் எண்ணிக்கை, கம்பியின் தடிமன் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஆகவே நடுக்காலை மட்டும் தேய்க்க வேண்டும். நடுவில் மட்டும் கேப் வைத்தே விற்கும் பாதிக் கோர்கள் உண்டு, முடிந்தால் அதையே வாங்குங்கள். என்னிடம் கேப் இல்லாத கோர்தான் இருந்தது. மூன்று காலும் ஒரே உயரம் என்பதால் சமதளத்தில் வைத்துத் தேய்க்க வழியில்லை. ஐந்து மிமீ அகலத் தட்டையான வைர அரம், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். தண்ணீர் இல்லாமல் தேய்த்தால் கறுப்புத் தூள் பறந்து எல்லா இடத்திலும் ஒட்டிக்கொள்ளும், அதை மூச்சில் இழுக்கவும் கூடாது. வெளிக்கால்களின் உள் ஓரங்களில் இரண்டு அடுக்கு டேப் ஒட்டி வைத்தேன், அரம் நழுவினாலும் அங்கே கீறல் விழாது. கோரை மரக்கட்டையில் ஓட்டை போட்டு உட்கார வைத்தால் இரண்டு கையும் அரத்துக்குக் கிடைக்கும்.

ஆழத்தை அளக்க, வெளிக்கால்கள் இரண்டின் மீதும் ஒரு ஸ்டீல் ரூலை நிறுத்தி, அடியில் ஃபீலர் கேஜ் (தடிமன் குறித்த மெல்லிய தகடு) நுழைத்துப் பார்க்கலாம். ஆனால் 0.1 மிமீ அளவில் அது தோராயம்தான், அரம் ஓரங்களை உருட்டிவிடுவதால் கேஜ் ஒரு பக்கம் போகும், மறு பக்கம் போகாது. இதைவிட நம்பகமான அளவுகோல் இண்டக்டன்ஸ் தானே. பாபினில் (காலில் மாட்டும், கம்பி சுற்றும் கூடு) 14 சுற்று சுற்றி வைத்துக்கொண்டேன். கேப் இல்லாமல் 360 மைக்ரோஹென்றி. கொஞ்சம் தேய், கழுவு, துடை, கோரை மூடி அளந்து பார். முதலில் மளமளவென்று இறங்கும்: 0.03 மிமீ போனாலே 220க்கு வந்துவிடுகிறது. 120க்குக் கீழே வேகம் குறையும், அங்கே அவசரம் வேண்டாம். 95 வந்ததும் நிறுத்தி, மிக மெல்லிய சிலிக்கான் கார்பைடு தாளை அரத்தின் மேல் ஒட்டி மிச்சத்தைச் சமன்செய்தேன். முடிவில் ஃபீலர் கேஜ் 0.12 மிமீயை ஏற்றுக்கொண்டது.

ஒட்டும் முகங்களைப் பற்றி ஒரு வார்த்தை. தேய்த்து முடித்துக் கையால் துடைத்து மூடியபோது 83 காட்டியது. கேப் அதிகமாகிவிட்டதோ என்று பார்த்தால் இல்லை. வெளிக்கால்களின் மேல் முகத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்ததும் விரல் ரேகையும் அதில் ஒட்டிய நுண்ணிய கருந்தூளும் தெரிந்தன. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த நார் விடாத துணியால் துடைத்து, காய்ந்ததும் மூடினால் 89. பத்து மைக்ரான் அழுக்குக்கு 6 மைக்ரோஹென்றி. ஏசிக்கே இவ்வளவு என்றால் பயாஸுக்கு இன்னும் மோசம். அதே காரணத்துக்காகப் பசையை முகங்களுக்கு இடையில் போகவிடக்கூடாது. ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டி, பக்கவாட்டுத் தையலில் மட்டும் இரண்டு சொட்டு எபாக்ஸி வைத்து, மீட்டரை மாட்டியபடியே இறுக விட்டேன். எண் நகர்ந்தால் உடனே தெரியும்.

மெயின் வைண்டிங்குக்கு 0.1 மிமீ இழை முப்பது சேர்ந்த லிட்ஸ் கம்பி. 100 கிலோஹெர்ட்ஸில் செம்பின் ஸ்கின் டெப்த் (மேற்பரப்பில் இருந்து கரண்ட் ஓடும் ஆழம்) 0.2 மிமீ அளவுதான், அதனால் தடித்த ஒற்றைக் கம்பியில் பயனில்லை. 14 சுற்றும் ஒரே அடுக்கில் உட்கார்ந்தன. வெளிக்காலுக்கு ஆயத்த பாபின் கிடையாது. காலின் அளவு 3.6க்கு 7.3 மிமீ, ஓரங்கள் கூர்மை. அதே அளவுக்கு ஒரு பித்தளைப் பட்டையை அராவி, அதன் மேல் கெட்டி அட்டையை மடித்துச் சுற்றிக் காப்டான் போட்டு, 17 மிமீ நீளக் குழாயாக எடுத்தேன். அதன் மேல் 0.2 மிமீ எனாமல் கம்பி 50 சுற்று, மேலே இன்னும் இரண்டு அடுக்கு டேப். குழாய் கொஞ்சம் தளர்வாக இருப்பது நல்லது, இறுக்கமாக இருந்தால் கோரைப் பொருத்தும்போது ஓரம் எனாமலைச் சுரண்டும். இரண்டும் தொடரில் 1.5 ஓம்.

பயாஸ் வைண்டிங்குகளை எந்தத் திசையில் இணைப்பது என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். மெயின் வைண்டிங்கில் சிக்னல் ஜெனரேட்டரில் இருந்து 100 கிலோஹெர்ட்ஸ், 1 வோல்ட் கொடுங்கள். இரண்டு பயாஸையும் தொடரில் இணைத்து முனைகளில் ஸ்கோப் (ஆஸிலோஸ்கோப்) வையுங்கள். ஒரு விதமாக இணைத்தால் மூன்றரை வோல்ட் வரும். ஒன்றைத் திருப்பிப் போட்டால் சில பத்து மில்லிவோல்ட்டாகச் சுருங்கும். இரண்டாவதுதான் சரி. முதல் விதத்தில் பவர் சப்ளையை மாட்டினால், அதன் வெளியீட்டுக் கெப்பாசிட்டர் மெயின் வைண்டிங்கையே ஷார்ட் செய்தது போலாகிவிடும், இண்டக்டன்ஸ் சரிந்து மாஸ்ஃபெட்டில் கரண்ட் எகிறும்.

இன்னொன்று, முனைகளில் ஒன்றும் இல்லை என்பதால் உள்ளேயும் ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. முழு வெளிச்சத்தில் மெயின் வைண்டிங்கில் சுற்றுக்கு 1.8 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது. பாதி ஃப்ளக்ஸ் செல்லும் வெளிக்காலின் 50 சுற்றில் 45 வோல்ட் வரை எழும். இரண்டு பயாஸும் சேரும் நடுப்புள்ளியில் அது அப்படியே நிற்கிறது. அந்த முடிச்சை நன்றாகக் காப்பிட்டு, கோரில் உரசாத இடத்தில் ஒதுக்குங்கள்.

எல்சிஆர் மீட்டரில் எடுத்த வரிசை இது: பயாஸ் இல்லாமல் 89, 50 மில்லியாம்பியரில் 88, 100இல் 80, 150இல் 64, 200இல் 50, 250இல் 41, 300இல் 36. முதல் 50 மில்லியாம்பியரில் ஒன்றுமே நடப்பதில்லை. 100க்கும் 200க்கும் நடுவில் செங்குத்தாக இறங்குகிறது. 300க்கு மேலே ஏற்றுவது வீண்.

பயாஸை இறக்கிக்கொண்டே வந்தால் அதே எண்கள் வரவில்லை. ஏறும்போது 150இல் 64 என்றால் இறங்கும்போது 59. பூஜ்யத்துக்கு வந்த பிறகும் 84தான். கேப் இல்லாத வெளிச்சுற்று தன் காந்தத்தைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்கிறது. கன்வர்ட்டரில் ஏசி நிஜமாகவே ஓடும்போது இந்த வித்தியாசம் பாதியாகக் குறைந்தது, ஏசியின் ஆட்டம் அந்த மிச்சத்தை உலுக்கிக் கரைத்துவிடுகிறது. ஆனால் முழுக்க மறையவில்லை.

மீட்டர் எண்ணும் கன்வர்ட்டருக்குள் இருக்கும் எண்ணும் ஒன்றல்ல என்பதையும் அங்கேதான் பார்த்தேன். இண்டக்டரின் இரு முனை வோல்டேஜையும் கரண்ட் சரிவையும் ஸ்கோப்பில் எடுத்துக் கணக்கிட்டால், 300 மில்லியாம்பியரில் 39 மைக்ரோஹென்றி வருகிறது, மீட்டர் சொன்ன 36 அல்ல. மீட்டர் தரும் சின்ன சிக்னல் செறிவின் உச்சியிலேயே நின்று அளக்கிறது. நிஜ அலையோ ஒவ்வொரு சுழற்சியிலும் செறிவை விட்டுக் கொஞ்சம் வெளியே வந்து போகிறது. அதனால்தான் எல்இடி கரண்ட் 1 ஆம்பியரைத் தொடாமல் 950இல் நின்றது.

அப்புறம் பயாஸ் லைனில் ஒரு 200 கிலோஹெர்ட்ஸ் அலை. வைண்டிங் திசை சரியாக இருந்தும் வருகிறதே என்று குழம்பத் தேவையில்லை. ஒரு காலில் ஏசி டிசியோடு கூடும் நேரத்தில் மறு காலில் கழிகிறது, அடுத்த அரைச் சுழற்சியில் இடம் மாறுகிறது. 100 கிலோஹெர்ட்ஸ் ரத்தாகிவிட, இரட்டிப்பு ஃப்ரீக்வென்சி மட்டும் மிஞ்சுகிறது. 1 மில்லிஹென்றி சோக் (அலையைத் தடுக்கும் காயில்) ஒன்றைத் தொடரில் போட்டதும் பயாஸ் கரண்ட் சுத்தமாகிவிட்டது. அந்தச் சோக் 300 மில்லியாம்பியரில் தானே செறிவுக்குப் போகாததாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

200 மில்லியாம்பியரில் நிறுத்தி அரை மணி நேரம் ஓட விட்டேன். எல்இடி கரண்ட் 640இல் ஆரம்பித்து 690க்கு ஏறியது. கோரில் ஒட்டிய தெர்மோகப்பிள் 52 டிகிரி காட்டியது. என் 87இன் செறிவு 25 டிகிரியில் 490 மில்லிடெஸ்லா, 100 டிகிரியில் 390. சூடாக ஆக அதே பயாஸ் அதிகமாக வேலை செய்யும், விளக்கு இன்னும் பிரகாசமாகும், கோர் இன்னும் சூடாகும். காந்த மிச்சமும் இந்தச் சூடும் சேர்ந்தபோது, இத்தனை பயாஸுக்கு இத்தனை வெளிச்சம் என்று அட்டவணை போட்டு ஓட்டும் எண்ணத்தைக் கைவிட்டேன்.

அதற்குப் பதில் எல்இடி கரண்ட்டை அளந்து பயாஸைத் தானே திருத்தும் ஃபீட்பேக் லூப் ஒன்று வைத்தேன்: எல்இடியின் திரும்பும் கம்பியில் 0.22 ஓம், எல்எம் 358இன் ஒரு பாதி ஒப்பிட, மறு பாதி பிடி 139 டிரான்சிஸ்டரை ஓட்ட, எமிட்டரில் 1 ஓம், பயாஸுக்கு 5 வோல்ட். ஃபீட்பேக் கெப்பாசிட்டர் 10 நானோஃபாரட் வைத்தபோது எல்இடி கரண்ட் சில நூறு ஹெர்ட்ஸில் ஆடியது. நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. விளக்கின் கீழே கையை வேகமாக வீசினால் விரல்கள் துண்டு துண்டாக, வெட்டி வெட்டித் தெரிந்தன. பயாஸ் வைண்டிங்குக்கே செறிவுக்கு முன் 8 மில்லிஹென்றி இருக்கிறது, அது ஒரு தாமதம். போதாததற்கு வளைவின் நடுப்பகுதியில் கெயின் செங்குத்து, பயாஸ் கொஞ்சம் நகர்ந்தாலே கரண்ட் நிறைய நகரும். 470 நானோஃபாரடுக்கு மாற்றியதும் ஆட்டம் நின்றது, விரல்களும் ஒழுங்காகத் தெரிந்தன. கரண்ட் இலக்கை மாற்றினால் சில பத்து மில்லிசெகண்டில் போய்ச் சேர்கிறது. வெளிச்சத்துக்கு அது தாராளம். வேகமாக மாறும் லோடுக்கு இந்த முறையை எடுக்காதீர்கள்.

செலவுக் கணக்கை வாட்டில் சொல்கிறேன். பயாஸ் வைண்டிங்கில் சூடாகப் போவது 0.14 வாட் மட்டுமே. ஆனால் 5 வோல்ட்டில் இருந்து 300 மில்லியாம்பியர் எடுப்பதால் மொத்தம் 1.5 வாட் போகிறது, பெரும்பகுதி டிரான்சிஸ்டரில் வீணாகிறது. 12 வாட் விளக்குக்கு இது அதிகம். அடுத்த முறை காலுக்கு 120 சுற்று சுற்றப் போகிறேன். பயாஸ் 125 மில்லியாம்பியராக இறங்கும், 5 வோல்ட்டில் 0.6 வாட்தான். இன்னும் ஏற்றி 200 சுற்று போடலாமே என்று தோன்றும், அப்போது அந்த நடுப்புள்ளியில் 180 வோல்ட் ஏசி நிற்கும், அட்டைக் குழாயையும் டேப்பையும் நம்பி அந்த அளவுக்குப் போக எனக்கு மனமில்லை. 120இல் அது 110 வோல்ட். அதற்கும் குழாயில் இன்னொரு அடுக்குக் காப்டான் போடுவேன். ஆரம்பத்திலேயே 60 மில்லியாம்பியர் நிலையான பயாஸ் ஒன்றைத் தனியாகக் கொடுத்துவிட்டால், வளைவின் தட்டையான முதல் பகுதியைத் தாண்டி லூப் சீராக நடக்கும் என்றும் நினைக்கிறேன்.

பொருட்களில் கோர்தான் மலிவு, உடைந்தால் வருத்தமில்லை. லிட்ஸ் கம்பி விலை அதிகம், ஆனால் இண்டக்டருக்கு ஒரு மீட்டருக்கும் குறைவாகவே தேவைப்பட்டது. நேரத்தைத் தின்றது அரம் பிடித்த வேலைதான். நடுக்கேப் கோர் வாங்கினால் அது அப்படியே மிச்சம்.

இரண்டாவது இண்டக்டரையும் இதே முறையில் செய்து மறு வரிசைக்கு மாட்டியிருக்கிறேன். கையால் தேய்த்தது என்பதால் அதில் பயாஸ் இல்லாத அளவு 93 மைக்ரோஹென்றி. அதனால் அந்த வரிசையின் அடிமட்ட வெளிச்சம் ஒரு பொட்டு குறைவு, மேலே லூப் அதைச் சரிக்கட்டிவிடுகிறது. முதல் வரிசையை 350இல் இருந்து 900க்கு ஏற்றினால் இரண்டாவதில் ஸ்கோப் ஒரு சிறு பள்ளம் காட்டுகிறது, 48 வோல்ட் லைன் ஒரு கணம் தொய்வதால். அந்த லைனில் 470 மைக்ரோஃபாரட் சேர்த்த பிறகு பள்ளம் 10 மில்லியாம்பியருக்குள் அடங்கிவிட்டது.